டியூப்லெஸ் சைக்கிள் டயர்: மாற்றுவதும் பராமரிப்பதும், புதியவர்களுக்கு

விருதுநகர், அருப்புக்கோட்டை, சாயல்குடி பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு முள்ளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சாலையோரம் நெருஞ்சி, கண்மாய்க் கரையெங்கும் சீமைக் கருவேலம். டியூப் போட்ட டயர் இந்த இரண்டுக்கும் நடுவே தாக்குப்பிடிப்பது கடினம். அதனால்தான் டியூப்லெஸுக்கு மாறினேன். மாறிய பிறகு முதல் சில மாதங்கள் படாத பாடு பட்டேன். எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று முழுதாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கடையில் ஒவ்வொன்று சொன்னார்கள். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவமாக இருக்கும் வரைதான் டியூப்லெஸ் டயர் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். பராமரிப்பு என்பதில் பெரும்பகுதி, அது காய்வதற்குள் நாம் முந்திக்கொள்வதுதான்.

1. வாங்கும் முன் ரிம்மிலும் டயரிலும் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ரிம், டயர் இரண்டுமே டியூப்லெஸுக்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் ‘டியூப்லெஸ் ரெடி’ என்றோ, டிஎல்ஆர், டிஎல்இ, டிஆர் என்ற சுருக்கெழுத்துகளோ இருக்கும். ரிம்மிலும் இதே போன்ற குறிப்பு ஒட்டப்பட்டோ அச்சிடப்பட்டோ இருக்கும். இல்லையென்றால் கடைக்காரரிடம் மாடல் பெயரைக் கேட்டு நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் சரிபாருங்கள்.

“சாதாரண ரிம்மும் டயரும்தான், டேப் சுற்றினால் போதும், ஓடும்” என்று சொல்கிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள். சாதாரண டயரின் விளிம்பு டியூப்லெஸ் டயரின் விளிம்பைப் போல இறுக்கமாக ரிம்மில் உட்காராது. வேகமாகப் போகும்போது, வளைவில் திரும்பும்போது அது ரிம்மை விட்டுக் கழன்றால் விழுவது நீங்கள்தான்.

அடுத்து அளவு. 40-622 என்று டயரில் இருந்தால் 40 மில்லிமீட்டர் அகலம், 622 மில்லிமீட்டர் உட்கார்விட்டம், அதாவது ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம். 700சி என்பதும் 29 அங்குலம் என்பதும் இந்த 622தான். 27.5 அங்குலம் என்பது 584. இந்த எண் ரிம்மிலும் டயரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்குலக் கணக்கை நம்பி வாங்கினால் குழப்பம் வரும். இந்த மூன்றிலக்க எண்ணை நம்பி வாங்குங்கள்.

உங்கள் ரிம் கொக்கி இல்லாத வகை என்றால், அதாவது உள்விளிம்பில் டயரைப் பிடித்துக்கொள்ளும் மடிப்பு இல்லை என்றால், கூடுதல் கவனம் வேண்டும். அதில் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடிக்கக் கூடாது. அந்த ரிம்முக்கு எந்தெந்த டயர்கள் ஏற்றவை என்று தயாரிப்பு நிறுவனம் பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலுக்கு வெளியே போகாதீர்கள்.

2. செலவு

நான் விசாரித்த கடைகளில் இருந்த விலைகளைத் தோராயமாகத் தருகிறேன். ஊருக்கும் நிறுவனத்துக்கும் தக்கபடி மாறும்.

டயர் ஒன்று 2,500 ரூபாயிலிருந்து 6,000 ரூபாய் வரை. ஸ்போக் ஓட்டைகளை மூடும் ரிம் டேப் ஒரு சுருள் 500 முதல் 1,500. வால்வு ஒரு ஜோடி 600 முதல் 1,500. அரை லிட்டர் சீலன்ட் 1,200 முதல் 2,500. வழியில் ஓட்டை அடைக்கும் பிளக் பெட்டி 400 முதல் 1,500. வால்வின் உள்ளூசியை (வால்வ் கோர்) கழற்றும் சிறு கருவி 100 முதல் 300. டயரை விட்டுவிட்டுப் பார்த்தால் சுமார் 3,000 முதல் 7,000 ரூபாய் வரை ஆகும்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது? வால்வில், பிளக் பெட்டியில் மிச்சம் பிடிக்கலாம். டேப்பிலும் சீலன்ட்டிலும் பிடிக்காதீர்கள். மின்வேலைக்கு உள்ள இன்சுலேஷன் டேப்பை ரிம்மில் சுற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். வெயிலில் பசை இளகி, ஸ்போக் ஓட்டை வழியாகக் காற்று கசிந்து, கடைசியில் நல்ல டேப்பையும் வாங்கினார்கள்.

மோட்டார் சைக்கிள் டயருக்கென்று விற்கும் கெட்டியான ஜெல் மலிவு. அது சைக்கிளுக்கு வேண்டாம். எனக்கு ஒரு கடையில் அதைத்தான் ஊற்றித் தந்தார்கள். சக்கரம் கனத்ததே தவிர, நெருஞ்சி குத்திய இடத்தில் காற்று நிற்கவில்லை. சைக்கிளுக்கான சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பாலை அடிப்படையாகக் கொண்டது. பால் போல நீர்த்திருக்கும். மெல்லிய ஓட்டைக்குள் பாய்ந்து, காற்று பட்டதும் உறையும் தன்மைதான் நமக்கு வேண்டும். ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாமை தரும். தோல் தடிக்கும் உடம்பென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வால்வு வாங்கும்போது ரிம்மின் ஆழத்தை அளந்து சொல்லுங்கள். மாட்டிய பிறகு பம்பின் தலை பிடிக்க 15 முதல் 20 மில்லிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளூசியைக் கழற்றக்கூடிய வால்வுதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்ற முடியாததை வாங்கினால் பின்னால் ஒவ்வொரு வேலைக்கும் அவதி.

3. பில், அட்டை, தேதி

சைக்கிள் டயருக்குத் தாள் எதற்கு என்று தோன்றலாம். வேண்டும். புது டயரின் பக்கச் சுவரில் நுண்ணிய கசிவோ, விளிம்பில் நெளிவோ இருந்தால் மாற்றித் தருவார்கள். ஆனால் பில் கேட்பார்கள், டயர் மாடல் பில்லில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘சைக்கிள் டயர் – 2’ என்று மட்டும் எழுதிய பில் பயன்படாது. நிறுவனம், மாடல், அளவு மூன்றையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பில், வாரன்டி அட்டை, டயரின் பக்கவாட்டு எழுத்து, ரிம்மில் உள்ள அதிகபட்ச அழுத்தக் குறிப்பு ஆகிய நான்கையும் அன்றைக்கே படம் எடுத்துக் கைபேசியில் தனி இடத்தில் வையுங்கள். ரிம் ஒட்டுத்தாள் கழுவக் கழுவப் போய்விடும், படம் போகாது. எந்தச் சீலன்ட் ஊற்றலாம் என்பதில் சில டயர் நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. அட்டையின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுச் சீலன்ட் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மலிவாகத் தெரியும். சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்த பிறகு கணக்குப் பாருங்கள். பழுதென்றால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான்.

சீலன்ட் பாட்டிலில் தயாரித்த தேதியைப் பாருங்கள். அலமாரியில் நெடுநாள் கிடந்த பாட்டிலில் துகள்கள் அடியில் கட்டியாகியிருக்கும். குலுக்கினால் திரவமாக ஆட வேண்டும். கட்டி உருளும் சத்தம் கேட்டால் வேண்டாம்.

4. டேப் ஒட்டுவது

பெரும்பாலான கசிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. அவசரப்படாதீர்கள். சனிக்கிழமை மாலை டேப், ஞாயிறு காலை டயர் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் நிம்மதி.

டேப்பின் அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். பழைய டேப்பைப் பிய்த்து, மிச்சமிருக்கும் பசையை ஐசோபிரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும். ரிம் நன்றாக உலரட்டும். அதன் பின் விரல் ரிம்மில் படக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கே டேப்பைத் தூக்கிவிடும்.

வால்வு ஓட்டைக்குச் சற்று முன்னால் தொடங்கி, டேப்பை இழுத்துப் பிடித்தபடியே சுற்றி வந்து, ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் வரை மேலே படியுமாறு முடியுங்கள். நடுப்பள்ளத்தில் காற்றுக் குமிழி தங்காமல் துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பிறகு வால்வு ஓட்டையின் மேல் உள்ள டேப்பில் கூரான ஊசியால் சிறிதாகத் துளையிடுங்கள். கத்தியால் கீறாதீர்கள், கீறல் நீளும். அந்தத் துளை வழியே வால்வை விட்டு ஒரு பழைய டியூபைப் போட்டு, டயரை மாட்டி, காற்றடித்து இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். டியூபின் அழுத்தம் டேப்பை மூலைமுடுக்கெல்லாம் ஒட்டவைத்துவிடும். எனக்குத் தெரிந்ததில் இதைவிட உபயோகமான தந்திரம் இல்லை.

காலையில் டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி டியூபை எடுங்கள். அதே துளையில் டியூப்லெஸ் வால்வைத் தள்ளி நுழையுங்கள். வெளிப்பக்கத் திருகைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கினால் நடுவழியில் டியூப் போட வேண்டிய நேரத்தில் அதைக் கழற்ற முடியாது.

5. டயரை உட்காரவைப்பது

கழற்றிய விளிம்பை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி மாட்டி, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். மாட்ட மாட்ட, ஏற்கனவே மாட்டிய பகுதியை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசிப் பகுதி இளகிக் கொடுக்கும். இரும்பு நெம்புகோல் டேப்பைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் நெம்புகோல் மட்டுமே.

முதல் முறை சீலன்ட் இல்லாமலே காற்றடித்துப் பாருங்கள். வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டால் காற்று வேகமாகப் பாயும். டயர் விளிம்பில் சோப்பு நீர் தடவிக்கொள்ளுங்கள். நிற்கும் பம்பால் நிறுத்தாமல் வேகமாக அடித்தால் ‘டப், டப்’ என்று விளிம்பு ஏறி உட்காரும் சத்தம் கேட்கும். பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஏறவில்லையென்றால் பெட்ரோல் பங்க். காற்றுக்குக் காசில்லை. அங்கே உள்ள குழாய் மோட்டார் வண்டி வால்வுக்கானது, நம் மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது. சைக்கிள் கடையில் கிடைக்கும் பித்தளை மாற்றுத் தலை ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ஆபத்தும் உண்டு: சைக்கிள் டயரின் கொள்ளளவு சிறியது, கண்மூடித் திறப்பதற்குள் எல்லை தாண்டும். விட்டுவிட்டு, சிறிது சிறிதாகத்தான் விட வேண்டும். டயரிலும் ரிம்மிலும் எழுதிய அதிகபட்சங்களில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

6. சீலன்ட் எவ்வளவு

28 முதல் 32 மில்லிமீட்டர் சாலை டயருக்கு 40 முதல் 60 மில்லி. 35 முதல் 45 வரை உள்ள, சரளைப் பாதைக்கான கிராவல் டயருக்கு 60 முதல் 90. 29 அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 100 முதல் 120. இவை ஒரு சக்கரத்துக்கான அளவு. முள் காட்டில் ஓட்டுகிறவர்கள் மேல் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலை ஒரு நிமிடமாவது குலுக்குங்கள். ஓட்டையை அடைக்கும் துகள்கள் அடியில்தான் கிடக்கும். காற்றை இறக்கி, உள்ளூசியைக் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் வால்வு வழியே செலுத்துங்கள். பெரிய துகள் கலந்த சீலன்ட் வால்வை அடைத்துக்கொள்ளும். அதை மட்டும் டயரை ஓரிடத்தில் விலக்கி நேரடியாக ஊற்ற வேண்டும்.

காற்றடித்ததும் சக்கரத்தைச் சுழற்றுங்கள், பிறகு ஒரு பக்கமாகப் படுக்கவையுங்கள், சிறிது நேரம் கழித்து மறுபக்கம். பக்கச் சுவரின் நுண்துளைகள் அப்போதுதான் அடையும். உடனே ஒரு சிறு ஓட்டம் போய் வாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் காற்று இறங்கும், பயப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் ஒரே இரவில் தட்டையானால் சோப்பு நீரை எடுங்கள். ஸ்போக் அடியில் குமிழ் வந்தால் டேப் பழுது. வால்வைச் சுற்றி வந்தால் வால்வின் ரப்பர் சரியாக அமரவில்லை. டேப் பழுதைச் சீலன்ட்டை அதிகமாக ஊற்றிச் சரிசெய்ய முடியாது, பிரித்துத் திரும்ப ஒட்டத்தான் வேண்டும்.

நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவில் மட்டும் டியூப்லெஸுக்கு மாறாதீர்கள். இடையில் ஒரு வாரமாவது வேண்டும்.

7. வாரத்துக்கொரு முறை அழுத்தம்

டியூப்லெஸ் டயர் வாரத்துக்குச் சில பிஎஸ்ஐ இழப்பது இயல்பு. ஓட்டும் முன் அளந்து பாருங்கள்; கட்டைவிரல் அழுத்தத்தை நம்பாதீர்கள். 75 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 65 பிஎஸ்ஐ, 40 மில்லிமீட்டரில் 35, மலைச் சைக்கிளில் 22 முதல் 25 என்று தொடங்கலாம். பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூடுதல். உங்கள் எடைக்கும் சாலைக்கும் ஏற்ப ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

காற்றடிக்கும்போது வால்வு அடியில் இருக்கக் கூடாது. பக்கவாட்டிலோ மேலேயோ கொண்டுவந்துவிட்டுப் பம்பை மாட்டுங்கள். அடியில் இருந்தால் தேங்கியிருக்கும் சீலன்ட் உள்ளூசிக்குள் ஏறி உறைந்துவிடும். பிறகு காற்று உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. உறைந்துவிட்டால் உள்ளூசியை மாற்றிவிடுங்கள். சில பத்து ரூபாய்தான். இரண்டு உதிரியாக வைத்திருங்கள்.

8. சீலன்ட் நாட்குறிப்பு

பாட்டிலில் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை என்று போட்டிருக்கும். நம் ஊரில் அதில் குறைந்த எண்ணை ஒட்டியே கணக்கு வையுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் இரண்டரை மாதம் வரை விடலாம். சைக்கிளை மொட்டை மாடியிலோ தகரக் கூரைக்கு அடியிலோ நிறுத்தினால் அதைவிடச் சீக்கிரம் காயும்.

சோதிப்பது எளிது. சக்கரத்தைச் சிறிது நேரம் வால்வு கீழே இருக்கும்படி நிறுத்திவையுங்கள். பிறகு வால்வைச் சற்று மேலே கொண்டுவந்து காற்றை இறக்கி, உள்ளூசியைக் கழற்றி, திரும்பக் கீழே கொண்டுவந்து, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை (ஜிப் டை) உள்ளே விட்டு எடுங்கள். வண்டி எஞ்சினில் குச்சி விட்டு எண்ணெய் அளவைப் பார்ப்பது போலத்தான். முனை பால் போல நனைந்திருந்தால் நலம். வெறும் தண்ணீராகவோ, ஒன்றுமே ஒட்டாமலோ வந்தால் முதல் அளவில் பாதியை ஊற்றுங்கள்.

ஊற்றிய தேதியை ரிம்மில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதிவையுங்கள். நினைவை நம்பி ஓட்டினால், சீலன்ட் காய்ந்துவிட்டதை முதல் முள் ஏறிய பிறகுதான் அறிவீர்கள். இப்படிப் பார்த்தால் ஒரு சைக்கிளுக்கு முதல் வருடம் அரை லிட்டருக்குச் சற்று மேல் செலவாகும்.

பல வாரம் ஓட்டாமல் வைத்தால் அவ்வப்போது சக்கரத்தைச் சுழற்றிவிடுங்கள். இல்லையென்றால் முழுவதும் ஒரே இடத்தில் தேங்கிக் கட்டியாகிவிடும்.

9. வழியில் முள் ஏறினால்

நெருஞ்சி முள்ளைப் பிடுங்கி எறிந்து, ஓட்டை கீழே இருக்குமாறு சக்கரத்தைத் திருப்பி ஓரிரு நிமிடம் நில்லுங்கள். பால் கசிந்து, குமிழ்த்து, நின்றுவிடும். சீமைக் கருவேல முள் நீளமும் பருமனும் உள்ளது. அதைப் பிடுங்கும் முன் பிளக் கையில் தயாராக இருக்கட்டும். பிடுங்கிய உடனே நின்றால் சரி, நிற்காவிட்டால் பிளக்கைச் செருகி, வெளியே நீட்டும் வாலைக் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். கார் பஞ்சருக்கான பட்டைப் பிளக் தடிமனானது; அதை நுழைக்க ஓட்டையைப் பெரிதாக்க வேண்டிவரும். சைக்கிளுக்கென்றே மெல்லியது கிடைக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு குப்பியால் காற்றடிப்பவர்கள் கவனிக்க: அந்தக் குளிர் வாயு ரப்பர் பால் சீலன்ட்டை உறையவைத்துவிடக் கூடும். ஒத்துவரும் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலொழிய, வீடு வந்ததும் சீலன்ட்டைச் சோதித்து மாற்றுங்கள். கைப்பம்பு மெதுவானது என்றாலும் தீங்கு செய்யாது.

உதிரி டியூப் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். பக்கச் சுவர் கிழிந்தால் சீலன்ட்டும் பிளக்கும் உதவாது. இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று இருக்கிறது. நெடுநாள் ஓடிய டியூப்லெஸ் டயரின் உட்பக்கம் முள் முனைகளால் நிறைந்திருக்கும். சீலன்ட் அடைத்ததால் அவை இருப்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்படியே டியூபைப் போட்டால் காற்றடித்த வேகத்தில் பஞ்சர். டியூப் போடும் முன் ஒரு துணியை டயரின் உள்ளே சுற்றித் துடையுங்கள். துணி சிக்கும் இடமெல்லாம் முள். ஒவ்வொன்றையும் பிடுங்கிய பிறகே டியூப்.

விமானத்தில் சைக்கிளை ஏற்றும்போது காற்றைக் குறைக்கச் சொல்வார்கள். முழுதாக இறக்காமல் 10, 15 பிஎஸ்ஐ விடலாமா என்று கேட்டுப் பாருங்கள். முழுதாக இறக்கினால் விளிம்பு கழன்று, போய்ச் சேரும் ஊரில் பெட்ரோல் பங்க் தேட வேண்டியிருக்கும்.

10. டயரைக் கழற்றும் காலம்

வருடத்துக்கு ஒரு முறையாவது டயரை முழுதாகக் கழற்றுங்கள். உள்ளே காய்ந்த ரப்பர் தோல் போலப் படிந்திருக்கும், சில இடங்களில் உருண்டையாகவும் கிடக்கும். கையால் உரித்து எடுக்கலாம். கூரான எதையும் போட்டுச் சுரண்ட வேண்டாம். பொறுமை இருந்தால் முழுதும் வந்துவிடும். டயர் விளிம்பிலும் ரிம்மில் அது அமரும் இடத்திலும் ஒட்டியிருப்பதை மட்டும் கட்டாயம் அகற்றுங்கள், இல்லையென்றால் திரும்ப உட்காராது.

டேப் சுருங்கியோ ஸ்போக் ஓட்டைகளில் உள்வாங்கியோ இருந்தால் அப்போதே மாற்றுங்கள். டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்துவிட்டாலும், உள்ளே இழைகள் தெரிந்தாலும், ஒரே பக்கத்தில் பிளக்குகள் நெருங்கி நின்றாலும் புது டயர் வாங்கும் நேரம். முன்டயரைவிடப் பின்டயர் வேகமாகத் தேயும். அப்போது நல்ல நிலையில் உள்ள முன்டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னே போடுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் பிடித்து நிறுத்துவது மிகக் கடினம். நல்ல டயர் அங்கேதான் இருக்க வேண்டும். டயர் இடம் மாறினால் சீலன்ட் தேதியையும் அந்தந்த ரிம்மில் மாற்றி எழுதுங்கள்.